இளைப்பாறுதல் பற்றி ஒரு பழைய வழக்கு



நம் வீட்டுச் சுவர்களில் அதிகமாகத் தொங்கும் இறைவசனம் எது என்று கேட்டால், மத்தேயு நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தின் 28-ஆம் வசனம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். சுமை சுமந்து சோர்ந்தவர்களை ஆண்டவர் தம்மிடம் அழைத்து, இளைப்பாறுதல் தருவதாக வாக்களிக்கும் வசனம் அது. நாள்காட்டியில் இருக்கிறது, ஆட்டோவின் முதுகில் இருக்கிறது, மருத்துவமனைச் சிற்றாலயத்தின் வாசலில் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏனென்றால் அதில் இயேசு தம் நுகத்தை எடுத்து நம் தோள்மேல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நுகத்தடி எதற்கு என்று உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். களைத்து வந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், வைக்கோல் போடுவார்கள், தொழுவத்தில் கட்டுவார்கள். நுகத்தில் பூட்டமாட்டார்கள். ஆண்டவரோ இளைப்பாறுதலையும் நுகத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

இந்த இரண்டு வசனங்களையும் பிரித்து, முதல் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? திருஅவை வரலாற்றில் ஒரு முறை அது நடந்தது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில், உரோமையிலும் பிரான்சிலும், கடவுளில் இளைப்பாறுவது என்றால் என்ன என்பதைப் பற்றிப் பெரிய வழக்கே நடந்தது. திருத்தந்தையர், பேராயர்கள், அரசர், சிறைச்சாலை எல்லாம் அதில் வருகின்றன. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதற்கு முன் நம் மொழியில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ‘சும்மா இருப்பது’ என்கிறோம். தாயுமானவரைப் படித்தவர்களுக்கு, மனம் அடங்கி இறைவனில் நிலைத்திருக்கும் உயர்ந்த நிலை அது என்று தெரியும். அதே சொல்லைத்தான், படிப்பு முடித்து வேலைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் சொல்கிறோம். “என்ன செய்கிறான்?” “சும்மா இருக்கிறான்.” ஒரே சொல்தான், பொருளோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நான் சொல்லப்போகும் வழக்கு முழுவதும் இந்த இரண்டு ‘சும்மா’க்களுக்கு நடுவில்தான் நடந்தது.

மிகுவேல் தெ மோலினோஸ் ஸ்பெயின் நாட்டுக் குரு. 1628-இல் பிறந்தவர். 1663-இன் இறுதியில் உரோமைக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆன்ம வழிகாட்டியாக அவருக்குப் பெரிய பெயர். துறவறக் கன்னியர், பிரபுக்களின் மனைவியர், குருக்கள், கர்தினால்கள்கூட அவரைத் தேடி வந்தார்கள். 1675-இல் ‘ஆன்ம வழிகாட்டி’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இறையியலாளர்களின் ஒப்புதலோடுதான் அது அச்சானது. சில ஆண்டுகளிலேயே பல மொழிகளில் பரவியது.

ஏன் அப்படிப் பரவியது? இதை நாம் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பக்தி மிகவும் உழைப்பாளிப் பக்தி. தியானத்துக்கு இத்தனை படிகள், ஒவ்வொரு படியிலும் இத்தனை சிந்தனைகள், மாலையில் மனச்சோதனை, அதற்கொரு கணக்கு. நல்ல முறைகள்தான், அவற்றால் புனிதரானவர்கள் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்தே களைத்துப்போன உள்ளங்களும் இருந்தன. செபம் சரியாகச் சொன்னேனா, பாவசங்கீர்த்தனத்தில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று இரவெல்லாம் தூங்காதவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஒருவர் வந்து, இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம், பேச்சை நிறுத்தி அமைதியாகக் கடவுளின் முன்னிலையில் இருங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்! கோடை நண்பகலில் மோர்ப்பந்தல் கண்டதுபோல இருந்திருக்கும்.

அதுவரையில் தவறில்லை. புனித அவிலா தெரேசாவும் புனித சிலுவை யோவானும் இதுபோன்ற அமைதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மோலினோஸ் அதற்கு அப்பால் போனார். புத்தகத்தில் அவ்வளவு தெளிவாக இல்லாதவை அவருடைய கடிதங்களிலும் விசாரணையில் அவர் ஒப்புக்கொண்டவற்றிலும் வெளிவந்தன. 1685 ஜூலையில் அவர் கைதுசெய்யப்பட்டார். 1687 செப்டம்பர் 3-ஆம் நாள், உரோமையின் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தில் திரளான மக்கள் முன்னிலையில் தம் தப்பறைகளைக் கைவிடுவதாக அறிக்கையிட்டார். ஆயுள் முழுவதும் சிறை என்பது தண்டனை. 1696 டிசம்பரில் சிறையிலேயே இறந்தார்.

1687 நவம்பரில் திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட் வெளியிட்ட ஆணையில், அவருடைய 68 கருத்துகள் கண்டிக்கப்பட்டன. கர்தினாலாக இருந்தபோது மோலினோஸை மிகவும் மதித்தவர் இந்தத் திருத்தந்தை என்பதையும் சொல்லிவிட வேண்டும். (இவர் 1956-இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.) கண்டிக்கப்பட்ட கருத்துகளின் சாரம் இது: ஆன்மா தன் ஆற்றல்களை எல்லாம் அழித்துவிட வேண்டும். தானாக எதையும் செய்ய முயல்வதே கடவுளுக்கு இடைஞ்சல். விண்ணகத்தையும் நரகத்தையும் நினைக்கக்கூடாது. கடவுளிடம் எதையும் கேட்கக்கூடாது, நன்றிகூடச் சொல்லக்கூடாது. சோதனை வந்தால் எதிர்த்துப் போராட வேண்டாம், வருவது வந்து போகட்டும். இந்த வழியில் முன்னேறியவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை.

சோதனையை எதிர்க்க வேண்டாம் என்ற அந்த இடத்தில்தான் அமைதி ஆபத்தாக மாறுகிறது. தன் பலவீனத்துக்கே கடவுளுடைய பெயரைச் சூட்டிவிட்டால், பிறகு மனந்திரும்ப வழியேது?

இறையியல் மாணவனாக இந்த 68 கருத்துகளையும் படித்தபோது என்னை நிறுத்தியது, கடவுளிடம் எதையும் கேட்கக்கூடாது என்ற கருத்துதான். கேட்பதே நம்பிக்கைக் குறைவு என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் இன்றும் உண்டு. “அவருக்குத் தெரியாதா சாமி, நான் எதற்குக் கேட்கணும்?” என்பார்கள். ஆனால் சீடர்கள் செபிக்கக் கற்றுத்தாரும் என்று கேட்டபோது ஆண்டவர் கற்றுத்தந்ததே மன்றாட்டுகளின் கோவைதான். திருச்சபை அதில் ஏழு மன்றாட்டுகளை எண்ணிக் கற்பிக்கிறது. அன்றன்றைய உணவைக் கேட்பதும் அதில் ஒன்று. கெத்சமனித் தோட்டத்தில் அவரே கேட்டார். அந்தக் கிண்ணம் அகல வேண்டும் என்று வியர்வை சொட்டக் கேட்டார். தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தது அதற்குப் பிறகு. கேட்காமலே கையளித்திருந்தால் அது விதிக்குப் பணிந்ததாக இருக்கும். கேட்டுவிட்டுக் கையளித்ததால்தான் அது பிள்ளை தகப்பனிடம் காட்டும் நம்பிக்கை ஆயிற்று.

இந்தப் பழங்கதையை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பங்குகளில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்த ஒரு தாய், ஒரு செபக்கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, முழு நம்பிக்கை என்றால் மாத்திரையும் கூடாது என்று நிறுத்திவிட்டார். காலில் புண் வந்து, விரலை எடுத்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. அவருடைய நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன், என் நம்பிக்கையைவிட அது பெரியது. அவருக்குச் சொல்லப்பட்ட இளைப்பாறுதல்தான் பொய். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி வாய்திறக்காமல், எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கும்படி ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்பவர்களும் இருக்கிறார்கள். மோலினோஸ் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கருத்துகள் இறந்ததாகத் தெரியவில்லை.

இப்போது பிரான்சுக்குப் போவோம். அங்கே இந்த வழக்கு வேறொரு முகத்தோடு வருகிறது, ஒரு பெண்ணின் முகத்தோடு.

ஜான் மரி கியோன் என்ற அம்மையார் 1648-இல் பிறந்தவர். பதினாறு வயதுகூட நிறையாத நிலையில், தம்மைவிட இருபத்திரண்டு வயது மூத்தவருக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். மாமியார் கொடுமை, அம்மை நோய், இறந்துபோன குழந்தைகள். இருபத்தெட்டாவது வயதில் கைம்பெண். இத்தனைக்கும் நடுவில் அவர் செபத்தில் ஆறுதல் கண்டார். ஒரு பிரான்சிஸ்கன் துறவி அவரிடம், கடவுளை வெளியே தேடிக்கொண்டிருக்கிறாய், உன் உள்ளத்திலேயே தேடு என்ற பொருளில் சொன்னது அவருடைய வாழ்வை மாற்றியது. எளிய மக்களும் செபிக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உள்ளத்தில் கடவுளோடு இருக்கலாம் என்று 1685-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மோலினோஸ் கைதான அதே ஆண்டு! அந்த அம்மையாருக்கு நேரம் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1688-இல் ஒரு முறை கன்னியர் மடத்தில் காவலில் வைக்கப்பட்டார். 1695 இறுதியில் மீண்டும் கைது, பின்பு பாரிஸின் பஸ்தீய் சிறை. 1703 வரை உள்ளே இருந்தார். அவருடைய ஒழுக்கத்தில் குற்றம் காணவில்லை என்று 1700-இல் பிரான்சின் குருக்கள் மன்றமே சொல்லியும் சிறைக் கதவு உடனே திறக்கவில்லை. அவருடைய எழுத்தில் மிகைகள் உண்டு, எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய பக்கங்கள் உண்டு. ஆனால் அவரை நடத்திய விதம் நம் வரலாற்றில் பெருமைப்படத்தக்க அத்தியாயம் அல்ல.

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். ஃபிரான்சுவா ஃபெனெலோன் என்ற குரு, அரசர் பதினான்காம் லூயியின் பேரனுக்கு ஆசிரியர், 1695-இல் கம்ப்ரே மறைமாவட்டத்தின் பேராயர். எதிர்ப்பக்கத்தில் மோ மறைமாவட்ட ஆயர் பொசுவே. அந்தக் காலத்து பிரான்சில் அவரைப்போல மறையுரை ஆற்ற ஆள் கிடையாது. ஒரு காலத்தில் ஃபெனெலோனுக்கு ஆசான் போன்றவர். இருவரும் சேர்ந்தே 1695-இல் ஈசி என்ற ஊரில் 34 குறிப்புகளில் கையெழுத்திட்டார்கள். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகியவற்றை வெளிப்படையான செயலாகச் செய்யும் கடமையிலிருந்து எந்தக் கிறிஸ்தவரும், எவ்வளவு உயர்ந்த செபநிலையை அடைந்தாலும், விடுபட முடியாது என்பது அவற்றில் முக்கியமானது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம் முடியவில்லை. 1697-இல் ஃபெனெலோன் ஒரு நூல் எழுத, பொசுவே பதில் எழுத, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று அச்சகங்கள் ஓயவில்லை. அமைதியைப் பற்றி இவ்வளவு சத்தமாக யாரும் சண்டை போட்டதில்லை! அரசர் பொசுவேயின் பக்கம். ஃபெனெலோன் அரண்மனையை விட்டுத் தம் மறைமாவட்டத்துக்குப் போய்விட வேண்டும், அங்கிருந்து வெளியே வரக்கூடாது என்று உத்தரவானது.

அவர் சொன்னது என்ன? கடவுளைக் கடவுளுக்காக மட்டுமே அன்பு செய்ய வேண்டும், தன் மீட்பைப் பற்றிய ஆசைகூட இல்லாத தூய அன்பு நிலை ஒன்று இருக்கிறது என்றார். கேட்பதற்கு மிக உயர்வாக இருக்கிறது. ஆனால் எதிர்நோக்கு என்ற புண்ணியத்தையே அது மெல்லக் கழற்றிவிடுகிறது. என்னை மீட்பார் என்று நான் எதிர்பார்ப்பது சுயநலம் அல்ல. தாய் மார்பில் சாய்ந்திருக்கும் குழந்தை, அவள் தன்னைக் கீழே போடமாட்டாள் என்று எதிர்பார்ப்பது போன்றது அது. திருப்பாடல் 131-இன் உருவகமும் அதுதான். 1699 மார்ச் 12-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னசென்ட், ஃபெனெலோன் நூலின் 23 கருத்துகளைக் கண்டித்தார். தப்பறை என்ற கடுஞ்சொல் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபெனெலோன் கடவுளை அளவுக்கு மீறி நேசித்துத் தவறினார், பொசுவே அயலாரைப் போதுமான அளவு நேசிக்காமல் தவறினார் என்று அந்தத் திருத்தந்தை சொன்னதாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது.

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். கம்ப்ரே பேராலயத்தில் மறையுரை மேடைக்கு ஏறும் நேரத்தில் ஃபெனெலோனுக்குச் செய்தி வந்தது. இரண்டு ஆண்டுகளாக எழுதி எழுதிப் போராடியது எல்லாம் போயிற்று. தயாரித்திருந்த மறையுரையை விட்டுவிட்டு, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் பற்றிப் பேசினார். அடுத்த மாதத்திலேயே தம் மறைமாவட்ட மக்களுக்குச் சுற்றுமடல் எழுதி, தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இளைப்பாறுதலைப் பற்றி ஃபெனெலோன் எழுதிய நூல் தோற்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் அவர் வாழ்ந்ததுதான் அந்த இளைப்பாறுதல் என்று நான் நினைக்கிறேன். அரண்மனை வாழ்வு போயிற்று, நண்பர்கள் தொலைவில், பெயருக்குக் களங்கம். முன்பு 1697-இல் அவருடைய இல்லம் தீப்பற்றி நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தபோது, ஒரு ஏழையின் குடிசை எரிந்திருப்பதைவிட இது மேல் என்று சொன்னார் என்பார்கள். 1709 செப்டம்பர் 11-ஆம் நாள் மல்ப்ளாக்கே என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. கம்ப்ரே நகரம் போர்முனைக்கு அருகில். அந்தப் போர் ஆண்டுகளில் பேராயர் இல்லம் காயம்பட்டவர்களுக்கும் ஊரை விட்டு ஓடிவந்த குடியானவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. களஞ்சியத்துத் தானியம் படைவீரர்களுக்கும் மக்களுக்கும் போயிற்று. எதிலும் ஆசை வைக்காத தூய அன்பு என்று நூலில் எழுதியபோது பிழையாகிப்போனது, அவருடைய கையும் காலும் அதைச் செய்தபோது யாரும் பிழை சொல்லும்படி இல்லை. 1715 ஜனவரியில் இறந்தார்.

இந்தச் சண்டைக்கு இரண்டு தலைமுறைகளுக்கு முன்பே புனித பிரான்சிஸ் சலேசியார் இதற்கு ஒரு விடை சொல்லிவைத்திருந்தார். பக்தி வாழ்வைப் பற்றிய தம் நூலில் ஒரு சிறு பிள்ளையைக் காட்டுகிறார். அப்பாவோடு நடந்து போகிறது. ஒரு கை அப்பாவின் கையைப் பிடித்திருக்கிறது, மற்றொரு கை வேலியோரத்துப் பழங்களைப் பறிக்கிறது. நம் ஊராக இருந்தால் சூரைப்பழமோ காரைப்பழமோ பறித்துக்கொண்டு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழம் பறிக்கிற ஆசையில் இரண்டு கையையும் விட்டுவிட்டால் பிள்ளை விழும். இதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்வது, தூக்கம் கெடுவதும் இதனால்தான். மோலினோஸ் வழியில் போனவர்களோ, இரண்டு கையாலும் அப்பாவைப் பிடித்துக்கொள், பழத்தை ஏறெடுத்தும் பார்க்காதே என்றார்கள். கடைசியில், பிடிக்கவும் வேண்டாம், அவர் இழுத்துக்கொண்டு போவார் என்பதுவரை போய்விட்டார்கள். சலேசியார் ஒரு கையை உழைக்கவும் விடுகிறார், மறு கையை விடாமல் பிடித்துக்கொள்ளவும் சொல்கிறார்.

1610-இல் சலேசியாரும் புனித ஜேன் பிரான்சிஸ் சந்தாலும் சேர்ந்து தொடங்கியது விசிட்டேஷன் சபை. மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வின் பெயரால் அமைந்த கன்னியர் சபை. அதன் மடங்களில் ஒன்று கிழக்கு பிரான்சின் நான்சி நகரில் இருந்தது. அங்கேதான் இந்த வழக்கு அமைதியாக முடிகிறது என்று நான் சொல்வேன். தீர்ப்பு எதுவும் வாசிக்கப்படவில்லை. சில கடிதங்கள் எழுதப்பட்டன, அவ்வளவுதான்.

இயேசு சபைக் குரு ஜான் பியர் தெ கோசாத், 1675-இல் பிறந்தவர், தென் பிரான்சின் டூலூஸ் மாநில இயேசு சபையைச் சேர்ந்தவர். மோலினோஸின் நூல் வெளியான ஆண்டும் அதுவே. 1730-களில் நான்சி மடத்துக் கன்னியர்க்குத் தியானம் கொடுத்தார், ஆன்ம வழிகாட்டியாக இருந்தார், ஊரைவிட்டு மாறிப்போன பிறகும் கடிதம் எழுதினார். அப்போது நிலைமை எப்படியிருந்தது என்றால், கடவுளின் கையில் தன்னை விட்டுவிடுதல் என்று யாராவது சொன்னாலே, மோலினோஸ் கூட்டமோ என்று சந்தேகப்படுவார்கள். 1741-இல் அவர் செபத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டபோது, ஆயர் பொசுவேயின் போதனைப்படி எழுதப்பட்டது என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டார். அமைதிக்கு எதிராக வழக்காடியவரின் பெயரைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அமைதியைப் பற்றிப் பேசினார்! இயேசு சபையினருக்கே உரிய சாமர்த்தியம் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

அவருடைய போதனை எளிமையானது. கடவுளின் திருவுளம் எங்கோ மேகத்தில் இல்லை. இந்த நிமிடத்தில் உன் முன்னால் இருக்கும் கடமையில் இருக்கிறது, இந்த நிமிடத்தில் உனக்கு வந்திருக்கும் துன்பத்தில் இருக்கிறது. இந்த நிமிடமே ஒரு திருவருட்சாதனம் போன்றது, அப்பத்தின் தோற்றத்தில் ஆண்டவர் மறைந்திருப்பதுபோல அன்றாட வேலையின் தோற்றத்தில் அவர் திருவுளம் மறைந்திருக்கிறது. ஆகவே கடமை என்றால் கையை நீட்டு, துன்பம் என்றால் தோளைக் கொடு. நடந்து போனதை இரக்கத்திடமும், வரப்போவதைப் பராமரிப்பிடமும் விட்டுவிடு.

மோலினோஸுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? இருவருமே கடவுளின் கையில் விட்டுவிடு என்றார்கள். எதை விடுவது என்பதில்தான் வேறுபாடு. மோலினோஸ் செயலை விடச் சொன்னார். கோசாத் கவலையை விடச் சொன்னார். பாத்திரம் கழுவும் சகோதரி பாத்திரத்தைக் கழுவத்தான் வேண்டும், நோயுற்றவர் மருந்து சாப்பிடத்தான் வேண்டும், சோதனை வந்தவர் போராடத்தான் வேண்டும். அந்த வேலையின் முடிவு என்ன ஆகும் என்ற சுமை மட்டும் அவர்களுடையது அல்ல. நுகத்தடியில் இரண்டு கழுத்துக்கு இடம் உண்டு. (ஒற்றை மாட்டு வண்டி வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.) அந்தப் பக்கத்துத் தோள் யாருடையது என்று தெரிந்த பிறகு, இந்தப் பக்கத்து மாடு இழுக்கத்தான் செய்யும், ஆனால் முழு வண்டியும் தன்மேல்தான் என்று நினைத்து நாக்குத் தள்ளாது. எபிரேயர் திருமுகம் 4-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கடவுள் தரும் ஓய்வைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, அந்த ஓய்வுக்குள் நுழைய முழுமுயற்சி செய்யச் சொல்கிறார் ஆசிரியர். முன்பெல்லாம் அது எனக்கு முரண்பாடாகவே தோன்றும்.

கோசாத் இதைச் சும்மா உபதேசமாகச் சொல்லிவிட்டுப் போனவர் அல்ல. நிர்வாகம் அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனால் 1740-இல் பெர்ப்பிஞான் நகர்க் கல்லூரிக்கு அதிபராக அனுப்பப்பட்டார். கணக்கு வழக்கு, வருவோர் போவோர், அதிகாரிகளோடு பேச்சு. எதற்கு அஞ்சினாரோ அதன் நடுவில் எதிர்பாராத அமைதியைக் கண்டதாக அந்த நாள்களில் கன்னியர்க்கு எழுதிய கடிதங்களில் சொல்கிறார். முதுமையில் கண்பார்வை போயிற்று. 1751 டிசம்பரில் டூலூஸில் இறந்தார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

நான்சிக் கன்னியர்கள் கவனித்தார்கள். அந்தக் கடிதங்களையும் குறிப்புகளையும் கையால் எழுதிப் படியெடுத்து, மடத்துக்கு மடம் அனுப்பிப் பாதுகாத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்தது, மடங்கள் மூடப்பட்டன, இயேசு சபையே கலைக்கப்பட்டு மீண்டும் எழுந்தது. ஏடுகள் பிழைத்தன. 1861-இல் ஹென்றி ராமியேர் என்ற இயேசு சபைக் குரு அவற்றைத் தொகுத்து, கடவுளின் பராமரிப்பில் தன்னை விட்டுவிடுதல் என்ற பொருளுள்ள தலைப்பில் அச்சிட்டார். அந்த நூலின் சில பகுதிகள் கோசாத் எழுதியவைதானா என்று ஆய்வாளர்கள் இன்று விவாதிக்கிறார்கள். கடிதங்களைப் பற்றி அந்த ஐயம் இல்லை.

இந்த ராமியேர் சுவாமியை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். தெரியும். செப அப்போஸ்தலத்துவம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, திரு இருதய பக்தியோடு சேர்ந்த அந்த இயக்கம் 1844-இல் பிரான்சில் தொடங்கியது. அதை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தவர் இவர்தான். கோசாத் நூலை அச்சிட்ட அதே 1861-இல்தான் திரு இருதயத் தூதன் என்ற இதழையும் பிரெஞ்சு மொழியில் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனுக்கு வந்து, நாகப்பட்டினத்திலும் பின்பு திருச்சியிலும் புனித வளனார் கல்லூரியை நடத்தியவர்களும் பிரான்சு நாட்டு இயேசு சபையினரே, கோசாத்தும் ராமியேரும் வாழ்ந்த அதே டூலூஸ் மாநிலத்தோடு தொடர்புள்ளவர்கள். நம் ஊர்களில் முதல் வெள்ளி பக்தியும் காலைக் காணிக்கைச் செபமும் வேரூன்றியது அந்தக் காலத்துப் பக்தி முயற்சிகளின் வழியாகத்தான்.

அந்தக் காலைக் காணிக்கைச் செபத்தில் என்ன ஒப்புக்கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைய செபங்கள், வேலைகள், துன்பங்கள், மகிழ்ச்சிகள். நாள் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் முழு நாளையும் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறோம். என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஃபெனெலோன் யார், பொசுவே யார் என்று அவர் கேள்விப்பட்டதில்லை. விடியற்காலையில் திரு இருதயப் படத்துக்கு முன் முழங்காலில் நின்று, அந்தச் செபத்தை மனப்பாடமாகச் சொல்வார். சொல்லி முடித்து, சிலுவை அடையாளம் வரைந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவார்.